வழக்கை விட்டு விலகிய நீதிபதி

மாட்டுத்தாவணி சிக்னலில் ஆட்டோ நின்றுகொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. "ஆண்ட்டி, தேன்மொழி பேசுறேன். அப்பா போயிட்டாங்க" என்றது நீதிபதி ஐயாவின் மகள் குரல். காலையில் எழுந்து முகம் கழுவிவிட்டுக் காபி கேட்டிருக்கிறார். அவர் துணைவியார் சரோஜா அம்மாள் டம்ளரோடு அடுப்படியிலிருந்து வருவதற்குள் நாற்காலியிலேயே தலை சாய்ந்துவிட்டது. மருத்துவரை வீட்டுக்கு அழைத்தார்களாம். அவர் வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தாராம். ஆட்டோக்காரரிடம் வண்டியைத் திருப்பி அழகர்கோவில் சாலைக்கு விடச் சொன்னேன்.

ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி திரு. அருணகிரி அவர்களைப் பற்றி எழுத மதுரை வழக்கறிஞர்களில் என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால், "இந்த வழக்கை நீங்கள் விசாரிக்க வேண்டாம்" என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னது, எனக்குத் தெரிந்து, நான் ஒருத்திதான். அதனால் நான் எழுதுகிறேன்.

அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகன். தொண்ணூறுகளின் நடுவில் சார்பு நீதிபதியாக மதுரைக்கு மாற்றலாகி வந்தார். குள்ளமான உருவம், தடித்த கண்ணாடி. குரல் மிகவும் தாழ்ந்தது. அவர் பேசுவது காதில் விழ வேண்டும் என்பதற்காகவே நீதிமன்றம் அமைதியாக இருக்கும். வழக்குக் கட்டை முதல் நாளே படித்துவிட்டு வருவார். நாங்கள் எழுந்து கதையை முதலிலிருந்து தொடங்கினால், "அதெல்லாம் நேத்தே படிச்சாச்சு. கட்டுல இல்லாததைச் சொல்லுங்க" என்பார். வாய்தா கேட்டால் முகம் சுருங்கும். தாமதமாக வரும் வழக்கறிஞரை அவர் மன்னித்ததே இல்லை. அந்த வகையில் அவரிடம் திட்டு வாங்காதவர்கள் எங்களில் குறைவு. எல்லோருக்கும் பிடித்த நீதிபதி என்று அவரைச் சொல்ல மாட்டேன்.

அவர் வந்த புதிதில் நடந்த ஒன்று நினைவிருக்கிறது. ஒரு வாடகை வழக்கில் என் கட்சிக்காரரின் அத்தை சாட்சிக் கூண்டில் நின்றார். எங்களைப் போலச் சௌராஷ்டிரக் குடும்பத்தவர். தமிழ் நன்றாகப் பேசுபவர்தான். ஆனால் குறுக்கு விசாரணையில் பதற்றம் வந்ததும் எங்கள் வீட்டு மொழியிலேயே பதில் சொல்லத் தொடங்கிவிட்டார். நான் எழுந்து, அவர் சொன்னதைத் தமிழில் சொன்னேன். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

"நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும் மேடம். ஆனா நீங்க ஒரு தரப்பு வக்கீல். எதிர்த் தரப்புல இருக்கிறவங்க நாளைக்கு வீட்ல படுத்துக்கிட்டு, அந்தம்மா என்ன சொன்னாங்களோ, இவங்க என்ன மாத்திச் சொன்னாங்களோன்னு யோசிப்பாங்க. அந்த யோசனைக்கு நாம இடம் கொடுக்கக் கூடாது."

அதே மொழி தெரிந்த நீதிமன்ற ஊழியர் ஒருவரை அழைத்து, இரு தரப்பின் ஒப்புதலையும் கேட்டுவிட்டுத்தான் சாட்சியத்தைத் தொடர்ந்தார். எனக்கு அன்று கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

அதற்கு மறு ஆண்டில்தான் பேச்சியம்மாளின் வழக்கு அவரிடம் இறுதிக்கட்டத்துக்கு வந்தது.

பேச்சியம்மாள் செக்கானூரணியைத் தாண்டி ஒரு கிராமத்தில் இருப்பவர். கணவரை இழந்தவர். தந்தை விட்டுப்போன நிலத்தில் பாதி கேட்டு, தன் ஒரே அண்ணன் ஒச்சப்பன் மீது பாகப்பிரிவினை வழக்குப் போட்டிருந்தார். கிணற்று நிலம், மேட்டு நிலம் என்று இரண்டு இருந்தன. இரண்டுமே தந்தை தன் உழைப்பில் வாங்கியவை, ஆகவே இரண்டிலும் சரிபாதி வேண்டும் என்பது எங்கள் வாதம். மேட்டு நிலம் பூர்வீகச் சொத்து, மணமாகிப் போன மகளுக்கு அன்றைய சட்டப்படி அதில் சரிபாதி வராது என்பது ஒச்சப்பனின் வாதம். சாட்சி விசாரணை எல்லாம் முடிந்து, இறுதி வாதத்துக்கு நாள் குறித்திருந்தது.

அந்த நாளுக்கு முந்திய வாரம் பேச்சியம்மாள் சொல்லாமல் கொள்ளாமல் என் அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"வக்கீலம்மா, நான் கண்ணால பாத்துட்டு வாரேன். நேத்து எங்கண்ணன் மக கல்யாணம், பழங்காநத்தத்துல. எனக்குப் பத்திரிகை வைக்கல. வைக்காட்டி என்ன, அத்தைக்காரி நான் போகாம இருக்க முடியுமா? போயி கடைசில நின்னேன். முன்னாடி சோபாவுல நம்ம ஜட்ஜையா உக்காந்திருக்காக. எங்கண்ணன் மேடைக்குக் கூட்டிட்டுப் போயி அவுகளுக்குப் பொன்னாடை போத்துறான். பந்தில பக்கத்துலயே நின்னு பரிமாறுறான். எங்க சின்னாத்தா மக என் காதுல வந்து, இனி என்னத்துக்குடி கோர்ட்டுக்கு அலையிறேன்னு கேக்குறா. எனக்குச் சோறு எறங்கல. எந்திரிச்சு வந்துட்டேன்."

விசாரித்தேன். ஒச்சப்பன் பழங்காநத்தத்தில் இரும்புக் கடை வைத்திருந்தார். அவர் மகளும் நீதிபதியின் மகள் தேன்மொழியும் கல்லூரியில் ஒரே வகுப்பு, நெருங்கிய தோழிகள். தோழியின் திருமணத்துக்குத் தேன்மொழி பெற்றோரை வற்புறுத்தி அழைத்துப் போயிருக்கிறாள். உரிமையியல் வழக்கில் கட்சிக்காரர்கள் சாட்சி சொல்லும் நாள் தவிர நீதிபதியின் கண்ணில் படுவதே அபூர்வம். ஒச்சப்பன் சாட்சி சொன்னதோ இவருக்கு முன்பிருந்த நீதிபதியின் காலத்தில். ஆக, மணப்பெண்ணின் தந்தைதான் தன் முன் இருக்கும் வழக்கின் பிரதிவாதி என்பது அருணகிரி அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எனக்கு அதில் சந்தேகமே இல்லை. சிக்கல் அதுதான். தெரியாது என்பது எனக்குத் தெரியும், பேச்சியம்மாளுக்குத் தெரியாது.

வழக்கறிஞர் அறையில் மூத்தவர்களிடம் யோசனை கேட்டேன். "வாய்தா வாங்கிக்கிட்டே இரும்மா, அவரு மாறிப் போயிருவாரு" என்றார் ஒருவர். "அவருக்குப் பதவி உயர்வு வர்ற நேரம். இப்பப் போயி இதக் கிளப்புனா கறையாப் போயிரும். அப்புறம் நீ அந்தக் கோர்ட்டுல எப்படித் தொழில் பண்ணுவே?" என்றார் இன்னொருவர். மாவட்ட நீதிபதியிடம் நேரே மாற்றல் மனுப் போடலாம் என்றும், திருமணப் புகைப்படத்தை இணைத்தால் வேலை சுலபமாகிவிடும் என்றும் ஒருவர் சொன்னார். எனக்கு அவர் முதுகுக்குப் பின்னால் அதைச் செய்ய மனம் வரவில்லை. குற்றம் செய்யாதவரின் புகைப்படத்தைக் குற்றத்துக்கு ஆதாரம் போல இணைக்கவும் கை வரவில்லை. அவரிடமே கேட்பது என்று முடிவு செய்தேன்.

வழக்கு அழைக்கப்பட்டதும் எழுந்தேன். பேச்சியம்மாள் திருமணத்தில் பார்த்ததை இரண்டு மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டு, "இந்த வழக்கை வேறு நீதிமன்றத்துக்கு அனுப்பும்படி ஐயா அவர்களே மாவட்ட நீதிபதிக்கு எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்" என்றேன்.

எதிர்த் தரப்பு வழக்கறிஞர் துள்ளி எழுந்தார். மதுரையில் பெயர் பெற்ற மூத்தவர். "இது கோர்ட்டையே அவமானப்படுத்துறது! கல்யாணத்துல சாப்பிட்டா தீர்ப்பு மாறிடுமா? இவங்க மேல நடவடிக்கை எடுக்கணும்" என்று சத்தம் போட்டார்.

நீதிபதியின் முகம் சிவந்துவிட்டது. அன்றுதான் முதல் முறையாக அவர் குரல் பின் வரிசை வரை கேட்டது.

"நான் ஒருபக்கமா நடந்துக்குவேன்னு சொல்றீங்களா மேடம்?"

"இல்லை ஐயா. நீங்க நடந்துக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். என் கட்சிக்காரருக்கு அது தெரியறதுக்கு வழி இல்லை. சாட்சி சொன்னதை நான் தமிழ்ல சொன்னப்ப, நான் சரியாத்தான் சொல்லுவேன்னு ஐயாவுக்குத் தெரியும். இருந்தும் வேற ஆளைக் கூப்பிட்டீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "உங்க கட்சிக்காரர் வந்திருக்காங்களா?" என்றார்.

பின்னால் சுவரோரம் நின்றிருந்த பேச்சியம்மாள் முன்னால் வந்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"பயப்படாம சொல்லுங்கம்மா. நான் நியாயமா தீர்ப்புச் சொல்ல மாட்டேன்னு நினைக்கிறீங்களா?"

"ஐயா, ஒங்களக் கொறை சொல்ல நான் வரல. நீங்க நல்லவுகன்னு வக்கீலம்மாவே சொல்லுது. ஆனா நான் அன்னைக்கு மண்டபத்துல நின்னு பாத்துட்டேன்ல? பாத்தத பாக்கலன்னு எப்படி ஆக்குறது? நாளைக்கு ஒனக்கு நெலம் இல்லன்னு நீங்க சொன்னீகன்னா, நெசமாவே எனக்கு இல்லையா, இல்ல அந்தச் சோத்துக்காகச் சொன்னாகளான்னு சாகுற வரைக்கும் எனக்குத் தெரியாது. அந்த வேதனை வேணாம்யா. தோக்குறதா இருந்தா, நெசமாத் தோத்துட்டோம்னு தெரிஞ்சு தோக்கணும்."

நீதிபதி, "உக்காருங்கம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து தன் அறைக்குள் போய்விட்டார்.

வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தார். முகத்தைக் கழுவியிருந்தார். எதிர்த் தரப்பு வழக்கறிஞர் மறுபடி எழ முயன்றபோது கையமர்த்திவிட்டு, சுருக்கெழுத்தாளரிடம் உத்தரவைச் சொல்லத் தொடங்கினார். பிரதிவாதியின் இல்லத் திருமணத்துக்குத் தாம் குடும்பத்தோடு போனது உண்மை. மேடையில் பொன்னாடையை ஏற்றுக்கொண்டது உண்மை. அங்கே உணவருந்தியதும் உண்மை. அவர் இந்த வழக்கின் பிரதிவாதி என்பது அப்போது தமக்குத் தெரியாது. ஆனால் அதைத் தம் வாய்ச்சொல்லை மட்டும் வைத்து வாதி நம்ப வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. வாதி கேட்டதில் தவறில்லை. வழக்கை வேறு நீதிமன்றத்துக்கு மாற்றும்படி மாவட்ட நீதிபதியைக் கேட்டுக்கொள்வதாகச் சொல்லி முடித்தார். நான் எங்கள் தரப்பில் சொன்னதைவிட அவர் தமக்கு எதிராக அதிகமாகவே சொல்லியிருந்தார். பொன்னாடையை என் வாயால் சொல்ல நான் தயங்கி விட்டுவிட்டிருந்தேன். அவர் விடவில்லை.

அடுத்த வழக்கை அழைக்கச் சொன்னார்.

அந்த மாலையே நீதிமன்ற வளாகம் முழுக்கப் பேச்சு பரவிவிட்டது. "ஜட்ஜு கல்யாணச் சாப்பாட்டுல மாட்டிக்கிட்டாரு" என்று தேநீர்க் கடையில் சிரித்தார்கள். என்னோடு பேசுவதை நிறுத்தியவர்களும் உண்டு. மறுநாள் அதே நீதிமன்றத்தில் எனக்கு வேறொரு வழக்கு இருந்தது. குரலில், பார்வையில் ஏதாவது மாற்றம் தெரிகிறதா என்று கூர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். "கட்டுல இல்லாததைச் சொல்லுங்க மேடம்" என்றார், எப்போதும் போல. அவர் மதுரையில் இருந்த காலம் முழுவதும் அவரிடம் நான் வென்ற வழக்குகளும் உண்டு, தோற்றவையும் உண்டு. ஒன்றில்கூட பழைய கணக்கின் சாயல் இல்லை.

அந்த ஆண்டு பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் வரவில்லை. இதுதான் காரணமா என்று யாருக்கும் தெரியாது. அவரும் யாரையும் கேட்கவில்லை. வீட்டுக்குள் நடந்தது எனக்குப் பின்னாளில்தான் தெரிய வந்தது. ஒச்சப்பனின் மகள் தேன்மொழியோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். "நான் கூப்பிட்டேன்னுதானே வந்தீங்க, அதை எதுக்குக் கோர்ட்டுல எல்லார் முன்னாடியும் எழுதணும்" என்று தேன்மொழி அப்பாவிடம் பல நாள் முகம் கொடுக்கவில்லையாம். அவர் மகளைச் சமாதானப்படுத்தவும் இல்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. பதவியில் இருந்த மிச்ச ஆண்டுகளில் எந்த ஊரிலும், உறவினர் வீட்டைத் தவிர, எந்த விசேஷத்துக்கும் அவர் போகவில்லை என்று சரோஜா அம்மாள் என்னிடம் ஒருமுறை வருத்தத்தோடு சொன்னார்.

வழக்கு வேறொரு சார்பு நீதிமன்றத்துக்குப் போனது. அங்கிருந்த நீதிபதி மறுபடி வாதம் கேட்டுத் தீர்ப்புச் சொன்னார். கிணற்று நிலத்தில் பேச்சியம்மாளுக்குச் சரிபாதி. மேட்டு நிலம் பூர்வீகச் சொத்துதான். அதில் சிறு பங்கு மட்டும். மேல்முறையீடு செய்யலாம் என்றேன். பேச்சியம்மாள் தலையாட்டி மறுத்துவிட்டார்.

"கேட்டதெல்லாம் கெடைக்கல. இருந்தாலும் இது தீர்ப்பு தாயி. எனக்கு இம்புட்டுத்தான்னு தெரிஞ்சிருச்சு. கெணத்தடில கத்திரி போட்டுப் பொழச்சுக்கிருவேன்."

ஒச்சப்பனும் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை.

அருணகிரி அவர்கள் பிறகு வடக்கே மாற்றலாகி, மாவட்ட நீதிபதியாக உயர்ந்து, ஓய்வும் பெற்றார். ஓய்வுக்குப் பின் சொந்த ஊருக்குப் போகாமல், சரோஜா அம்மாளுக்கு மதுரை பிடித்துவிட்டதால் இங்கேயே வந்து அழகர்கோவில் சாலையில் வீடு பார்த்துக்கொண்டார். என் மகளின் திருமணப் பத்திரிகையோடு அங்கே போனேன். வாசலிலேயே, "ஐயா விசேஷங்களுக்குப் போறதில்லைன்னு தெரியும். இருந்தாலும் வைக்காம இருக்க முடியலை" என்றேன்.

வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "இப்ப யார் வீட்டுல சாப்பிட்டா என்ன? எந்தக் கட்டும் என் மேசையில இல்லை. கண்டிப்பா வருவேன்."

காபி வந்தது. குடித்துக்கொண்டே, எதிர்பாராத விதமாக, "அந்த நிலத்து வழக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். இத்தனை ஆண்டுகளில் அதைப் பற்றி அவர் என்னிடம் வாய் திறந்ததே இல்லை. சொன்னேன். கிணற்று நிலம் பாதி, மேட்டு நிலம் கொஞ்சம். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் எழுதியிருந்தா அந்தம்மாவுக்கு ரெண்டுலயும் பாதி கொடுத்திருப்பேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவரே தொடர்ந்தார்.

"சட்டப்படி அதுதான் சரின்னு சொல்லலை. அன்னைக்கு அறைக்குள்ள போய் உக்காந்தப்ப யோசிச்சேன். அந்த ஒச்சப்பன் மேல எனக்குச் சாய்வு வந்திருக்கான்னு பார்த்தேன். சாய்வு இல்லை, கோவம்தான் இருந்துச்சு. என்னை மேடையில ஏத்தி ஊருக்குக் காட்டிட்டானேங்கிற கோவம். அந்த மனசோட தீர்ப்பு எழுதினா, சந்தேகம் வர்ற இடத்தையெல்லாம் அந்தம்மா பக்கமாத் திருப்பி எழுதுவேன், நான் யோக்கியன்னு காட்டுறதுக்காக. அந்தம்மா சந்தேகப்பட்டது ஒரு பக்கம். நான் பயந்தது வேற பக்கம். ரெண்டு பேரும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தோம்."

"அதை உத்தரவுல எழுதலையே ஐயா?"

"அதை எழுதினா, ஒச்சப்பன் மேல நீதிபதிக்குக் கோவம்னு அடுத்த நீதிபதி படிச்சிருப்பார். அவர் மனசுல அதை நான் ஏன் போடணும்?"

வெளியே வந்தபோது எனக்கு மனம் இலேசாக இல்லை. நான் கேட்டதை மறுத்து வழக்கை அவரே வைத்துக்கொண்டிருந்தால் என் கட்சிக்காரருக்கு மேட்டு நிலத்திலும் பாதி கிடைத்திருக்கும். அடுத்த முறை பேச்சியம்மாள் மதுரைக்கு வந்தபோது, மறைக்காமல் அதைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார்.

"அப்படி நடந்திருந்தா எங்கண்ணனுக்குல்ல தூக்கம் போயிருக்கும் வக்கீலம்மா! அவனும் எங்காத்தா பெத்த பிள்ளைதான்."

என் மகள் திருமணத்துக்கு அருணகிரி அவர்கள் வந்தார். முகூர்த்தத்துக்கு முன்பே வந்து, கடைசிப் பந்தி வரை இருந்தார். எங்கள் வீட்டுப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட மொழியைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "இப்பத்தான் நல்லாக் காதுல விழுது. அன்னைக்கு அந்தம்மா ரொம்ப வேகமாப் பேசிட்டாங்க" என்றார். அந்த வாடகை வழக்கு அவருக்கு நினைவிருந்தது.

செய்தி வந்த அன்று அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும், பேச்சியம்மாளின் மகனுடைய கைப்பேசிக்குத் தகவல் சொன்னேன். வருவார் என்று எதிர்பார்த்துச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பின்னணியில் பேச்சியம்மாளின் குரல் கேட்டது: "நான் வாரேன்னு சொல்லுடா."

கூடத்தில் ஐயாவைக் கிடத்தியிருந்தார்கள். பணியில் இருக்கும் நீதிபதிகள், ஓய்வு பெற்றவர்கள், வழக்கறிஞர்கள் எனக் கூட்டம். பெரிய பெரிய மாலைகள். பிற்பகலில், எடுப்பதற்குக் கொஞ்சம் முன்பு, வாசலில் பேச்சியம்மாள் தெரிந்தார். இரண்டு பேருந்து மாறி வந்திருக்கிறார். தலை நரைத்துவிட்டது. கையில் சின்ன ரோஜா மாலை. கறுப்புக் கோட்டுகளுக்கு நடுவே வழி கேட்டுக் கேட்டு உள்ளே வந்து, மாலையைக் காலடியில் வைத்துவிட்டுக் குனிந்து தொட்டுக் கும்பிட்டார். பிறகு தரையிலேயே உட்கார்ந்து, சத்தமில்லாமல் அழுதார்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தேன்மொழிக்கு ஆள் தெரியவில்லை. "நீங்க யாரும்மா? அப்பாவுக்கு எப்படிப் பழக்கம்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"பழக்கமெல்லாம் இல்ல தாயி" என்றார் பேச்சியம்மாள். "எனக்குத் தீர்ப்பு சொல்லாத ஜட்ஜு இவுக."

தேன்மொழிக்குப் புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. எழுந்து வந்து அவர் கையைப் பிடித்து எழுப்பி, கூட்டி வந்து தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். எடுக்கும் வரை அந்தக் கையை விடவில்லை.

ஐயா, உங்கள் முன் எழுந்து நின்று நான் கேட்டவை பல. சிலவற்றைக் கொடுத்தீர்கள், பலவற்றை மறுத்தீர்கள். இன்று கேட்பதற்கு ஒன்றும் இல்லை. எழுந்து நின்று வணங்குகிறேன்.